குறைந்ததும் குறைத்ததும்

இத்தாலிய பாஷைக்கு ஒரு விசேஷம் உண்டு. அர்த்தம் தெரியாவிட்டாலும் வாயில் போட்டுக்கொண்டால் இனிக்கும். இது தெரிந்துதானோ என்னவோ, மேற்கத்திய சங்கீதக்காரர்கள், தாங்கள் ஜெர்மானியராக இருந்தாலும் சரி, ருஷ்யராக இருந்தாலும் சரி, ஸ்வரத் தாளில் எழுதும் குறிப்புகளைப் பெரும்பாலும் இத்தாலியச் சொற்களிலேயே எழுதி வந்திருக்கிறார்கள். விறுவிறுப்பாக வாசிக்க வேண்டுமா, 'அலெக்ரோ'. நிதானமாக வேண்டுமா, 'அடாஜியோ'. இந்த வரிசையில் எனக்கு அதிகமாகப் பிடித்த சொல் 'டிமினுவெண்டோ'. ஒலி சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டு போக வேண்டும் என்பது அதன் பொருள். 'டெக்ரெஸண்டோ' என்றும் எழுதுவார்கள். சொல்லாக எழுத இடமில்லாத இடத்தில் ஒரு குறி போடுவார்கள்: இடது பக்கம் விலகி நிற்கும் இரண்டு கோடுகள் வலது பக்கம் நெருங்கி வந்து ஒரு புள்ளியில் சேர்ந்துவிடும். இங்கிலீஷ்காரர்கள் அதற்குக் கொண்டை ஊசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலைப்பாதை வளைவுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் என்று எண்ண வேண்டாம்.

இதற்கு நேர் எதிரி 'கிரெஸண்டோ'. ஒலி வளர்ந்துகொண்டே போவது. அதற்கு உலகத்தில் ரொம்பப் பெயர். ஸ்வரம் இன்னதென்று அறியாதவர்கள்கூடக் கூச்சல் உச்சத்துக்குப் போயிற்று என்று சொல்ல அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ரோஸினி என்ற இத்தாலிய ஓபரா ஆசிரியர் கிரெஸண்டோவை வைத்தே ரஸிகர்களை நாற்காலி நுனிக்கு இழுத்தவர். 'ஸிக்னோர் கிரெஸண்டோ' என்றே அவருக்குப் பட்டப் பெயர். 'ஸிக்னோர் டிமினுவெண்டோ' என்று யாருக்காவது பட்டம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குறைகிறவனுக்கு யார் பட்டம் கொடுக்கிறார்கள்?

எனக்கு இந்த விஷயங்களையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர். ரயில்வேயில் கணக்கு எழுதிச் சம்பாதித்தார். சென்னையில் வேப்பேரிப் பக்கத்தில் ஒரு கோவிலில் பாடகர் குழுவை நடத்தினார். அவர் ஊர்க் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே வருகிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். நான் எழுதிக்கொண்டிருந்த நாவல் ஒன்றில் பியானோ வாசிக்கும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள். அவள் விரல்களைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. அதற்காக அண்ணாச்சியிடம் போனேன். நாவல் முடிந்து, அச்சாகி, பழைய புத்தகக் கடைக்கும் போய்விட்டது. நான் அண்ணாச்சியிடம் போவது மட்டும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. பாங்கு குமாஸ்தா, நர்ஸ், காலேஜ் பையன்கள், இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று முப்பது பேர் நிற்பார்கள். நான் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன். ஸ்டெயினர் என்ற இங்கிலீஷ்காரர் 1887-இல் இயற்றிய 'தி குரூஸிஃபிக்ஷன்' என்ற படைப்பில் வாத்தியம் இல்லாமல் பாடும் சேர்ந்திசை ஒன்று உண்டு. பெரிய வெள்ளிக்கிழமைக்கு அதைத்தான் பாடுவார்கள். அதன் முடிவில் குரல்கள் மெல்ல மெல்லக் குறைந்து வந்து நிற்க வேண்டும். 'டிம்.' என்ற குறிப்பைக் கண்ட கணத்திலேயே முப்பது பேரும் சொல்லிவைத்தாற்போல் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அண்ணாச்சி குச்சியால் மேஜையைத் தட்டுவார்.

"நிறுத்துங்க. மெதுவாப் பாடணும்னு யாரு சொன்னது? மெதுவாப் பாடணும்னா அவன் 'பியானோ'ன்னு எழுதியிருப்பானே! இது மெதுவா ஆகணும்னு எழுதியிருக்கு. ஆரம்பத்துல சத்தம் இருந்தாத்தானே குறைக்க முடியும்? சட்டியில இல்லாததை அகப்பையில எப்படிக் குறைப்பிய?"

ஹான்ஸ் ஃபான் பியூலோ என்று ஒரு ஜெர்மன் வாத்தியக் குழுத் தலைவர், 1894-இல் காலமானவர், இதையே தலைகீழாகச் சொன்னாராம்: கிரெஸண்டோ என்று எழுதியிருந்தால் மெதுவாக என்று படி, டிமினுவெண்டோ என்று எழுதியிருந்தால் உரக்க என்று படி என்பது அவர் கருத்து. வேடிக்கை போலத் தோன்றினாலும் முழுக் கணக்கும் அதில் இருக்கிறது. குறி எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே நீங்கள் இன்னும் மேட்டில்தான் நிற்கிறீர்கள்.

அண்ணாச்சி எட்டுப் படிகள் என்று வைத்துக்கொள்ளச் சொல்வார். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு படி. முதல் படியிலேயே குதித்துவிட்டால் மிச்ச ஏழு படிக்கு என்ன செய்வது? "நெறகுடத்தை இடுப்புல இருந்து எறக்கித் தரையில வச்சிருக்கியளா? தொப்புனு போட யாரும் வேண்டாம், அதுவா விழும். ஒரு சொட்டு சிந்தாம வைக்கணும்னா, தூக்கின கையைவிட எறக்குத கைக்குத்தான் பலம் வேணும்" என்பார். குரல் குறையும்போது கூடவே மூன்று களவு போகும் என்பது அவருடைய எச்சரிக்கை. சுருதி இறங்கும், காலப்பிரமாணம் தளரும், சொற்களின் மெய்யெழுத்துக்கள் மாயமாகிவிடும். இந்த மூன்றையும் காவல் காத்துக்கொண்டு ஒலியை மட்டும் குறைக்க வேண்டும். வயிற்றுத் தசை அப்போதுதான் அதிகம் உழைக்கும். நான் கடைசி பெஞ்சியில் இருந்துகொண்டு சும்மா முயன்று பார்த்திருக்கிறேன். உரக்கக் கத்திவிட்டு வருவதில் அந்தக் களைப்பு இல்லை.

ஒரு நாள் இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடினோம். எழுத்தாளன் பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியத்தில் அண்ணாச்சி, பையன்களுக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று கேட்டார். 'தேய்ந்து' என்றேன். தேய்பிறை இருக்கிறதே! இத்தாலியரும் தேய்பிறை நிலாவைச் சொல்லும் வினையிலிருந்தே 'காலாண்டோ' என்று ஒரு சங்கீதக் குறிப்பு வைத்திருக்கிறார்கள்; ஒலியும் நடையும் சேர்ந்து தளர்வதற்கு. அண்ணாச்சி சிரித்தார். "தேய்ந்துன்னா இந்தப் பயலுவ கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையைத்தான் நினைப்பானுவ" என்றார். 'தணிந்து' என்றேன். தணிவது காய்ச்சலும் கோபமும். 'ஓய்ந்து' என்றால் மழை. அதில் அலுப்பு இருக்கிறது. 'மெலிந்து' என்றால் வியாதி. 'அடங்கி' என்றால் யாரோ அதட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் தன்னோடு ஒரு குடும்பத்தையே அழைத்துக்கொண்டு வந்தது. கடைசியில் ஒன்றுக்கும் அசையாத 'குறைந்து' என்ற சாதாரணச் சொல்லில் வந்து நின்றேன்.

"குறைஞ்சா, குறைச்சா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் உயிரோடு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தது. இத்தாலியில் 'டிமினுவீரே' என்ற வினை இரண்டுக்கும் பொது. தானாகக் குறைந்தாலும் அதுதான். ஒருவன் குறைத்தாலும் அதுதான். தமிழ் அப்படித் தப்பித்துப் போக விடாது. ஒற்றை மெய்யெழுத்தை வைத்துக்கொண்டு, 'இதைச் செய்தது யார்?' என்று வழிமறித்துக் கேட்கும்.

கோவில் மணியை ஓர் அடி அடித்துவிட்டு நின்றால் நாதம் வெகு நேரம் ரீங்கரித்து மங்குகிறது. அதை யாரும் குறைக்கவில்லை, அது குறைகிறது. பியானோவிலும் அப்படியே. கட்டையை அழுத்தியதும் உள்ளே ஒரு சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு வாசிக்கிறவர் அந்த ஸ்வரத்தை வளர்க்கவே முடியாது. பிறந்த நிமிஷத்திலிருந்து அது மங்கத்தான் செய்யும். ஆகையால் பியானோவில் டிமினுவெண்டோ என்பது, தானாகக் குறையும் நாதங்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் முந்தியதைவிடச் சிறிது மெல்லத் தொட்டு, நாமாகக் குறைப்பது. தன்வினைகளைக் கோத்து ஒரு பிறவினை.

அதற்கும் வழியில்லாமல் இருந்த காலம் உண்டு. ஹார்ப்ஸிகார்ட் என்ற பழைய வாத்தியத்தில் இறகு முனை தந்தியை மீட்டும். விரலால் ஓங்கி அழுத்தினாலும் மிருதுவாக அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே. ஃபிளாரென்ஸ் நகரத்தில் மெடிச்சி அரச குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்த பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி என்பவர் சுமார் 1700-இல், இறகை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். மெதுவாகவும் உரக்கவும் ஒலிப்பது என்ற பொருளில்தான் அதற்குப் 'பியானோஃபோர்ட்டே' என்று பெயர் நிலைத்தது. ஜனங்கள் பிற்பாடு பெயரின் வாலை வெட்டினார்கள். வெட்டியது உரத்த பாதியை. மிஞ்சி நிற்பது 'மெதுவாக' என்ற பாதி. உலகத்தில் இத்தனை வீடுகளில் அதைப் போட்டு அடிக்கிற அடியைக் கேட்டால், பெயரின் எந்தப் பாதியை வெட்டியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தேவாலயக் குழல் ஆர்கனுக்கு வேறு விதமான பிடிவாதம். காற்று உள்ளவரை குழல் ஒரே கனத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். 1712-இல் லண்டனில் ஜோர்டான் என்ற தகப்பனும் மகனும் ஒரு வரிசைக் குழல்களை மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குக் கதவு போட்டு, அதை வாசிக்கிறவர் திறந்து மூடும்படி செய்தார்கள். ஒலியைக் குறைக்க முடியாது, கதவைச் சாத்தலாம் என்ற யுக்தி. வயலினில் கேட்கவே வேண்டாம். வில்லின் கைப்பிடிப் பக்கம் கனம், நுனிப் பக்கம் லேசு. ஆகவே வில்லைக் கீழ்நோக்கி இழுத்தாலே ஒலி குறையப் பார்க்கும். ஊதுகிற வாத்தியங்களில்தான் தொல்லை. மெல்ல ஊதும்போது புல்லாங்குழலின் சுருதி இறங்கும். கிளாரினெட்டின் சுருதி ஏறும். இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிமினுவெண்டோவை வாசிக்க நேர்ந்தால், சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளைப் போல ஆளுக்கொரு திசையில் போகும். அவற்றைச் சேர்த்துப் பிடித்து நடத்தி வருவது சாமானியமல்ல.

அண்ணாச்சி வீட்டில் கேட்ட இசைத்தட்டுகளில் முதன்மையானது சைகோவ்ஸ்கியின் ஆறாவது ஸிம்ஃபனி. ஒரு 'பி' என்றால் மெதுவாக. இரண்டு 'பி' என்றால் மிக மெதுவாக. அந்த மனிதர் முதல் பாகத்தில் ஓரிடத்தில் ஆறு 'பி' போட்டிருக்கிறார்! தனியாக நிற்கும் ஒரு பஸூன் அதை ஊத வேண்டும். பருத்த குரல் உள்ள வாத்தியம். அவ்வளவு கீழே அவ்வளவு மெல்ல அதனால் முடியாது என்று, பல குழுக்களில் அந்த நாலு ஸ்வரத்தை மட்டும் பாஸ் கிளாரினெட்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். நாம் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிகிற அந்தக் கணத்தில் வாத்தியக் குழு முழுவதும் சேர்ந்து ஓர் இடி இடிக்கும். முதல் தடவை கேட்டபோது என் கையிலிருந்த காப்பி சட்டையில்தான்.

ஆனால் அந்த ஸிம்ஃபனியின் மகிமை அதன் முடிவில் இருக்கிறது. மூன்றாவது பாகம் அமர்க்களமான அணிவகுப்பாக முடிகிறது; எல்லாம் முடிந்துவிட்டது என்று இன்றைக்கும் ஜனங்கள் கைதட்டி விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் நாலாவது பாகம், நிதானமாக, அழுகையை அடக்கிக்கொண்டு வருகிறது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலக, கடைசியில் செல்லோக்களும் பெரிய பாஸ்களும் மட்டும் நாலு 'பி'க்கு இறங்கி நிற்கின்றன. 1893 அக்டோபர் 28-ஆந் தேதி பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நின்று அதை நடத்தினார். நவம்பர் 6-ஆந் தேதி காலமானார். இந்த இரண்டு தேதிகளையும் முடிச்சுப் போட்டு ஏராளமான கதைகள் உண்டு. எனக்கு அந்தக் கதைகளில் சிரத்தை இல்லை. சீக்கிரத்தில் சாகப் போவது தெரியாத மனிதர், கை நடுங்காமல் உட்கார்ந்து, எந்த வாத்தியம் எப்போது விலக வேண்டும் என்று கணக்காக எழுதியிருக்கிறாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கே ஒன்றும் தானாகக் குறையவில்லை.

ஹைடனுடைய விஷயம் இதைவிட லௌகிகமானது. எஸ்டர்ஹாஸி பிரபுவின் ஆஸ்தான வித்வான் அவர். 1772-இல் பிரபு தம் நாட்டுப்புற அரண்மனையை விட்டுக் கிளம்புகிறவராய் இல்லை. வாத்தியக்காரர்களின் பெண்டு பிள்ளைகளோ வேறு ஊரில் இருந்தார்கள். மனுப் போடுவதற்குப் பதிலாக ஹைடன் ஒரு ஸிம்ஃபனி எழுதினார். கடைசிப் பாகத்தில் ஒவ்வொரு வாத்தியக்காரராகத் தம் பங்கை முடித்து, எதிரில் இருந்த மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மிஞ்சியவை இரண்டு வயலின்கள். பிரபு புரிந்துகொண்டு ஊருக்குக் கிளம்ப உத்தரவு போட்டார் என்று சரித்திரம். ஊதியம், விடுமுறை முதலிய கோரிக்கைகளை உரத்த குரலிலேயே கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஹோல்ஸ்ட் என்ற இங்கிலீஷ்காரர் கிரகங்களைப் பற்றி ஏழு பாகங்களில் ஓர் இசை எழுதினார். 1918-இல் லண்டனில் முதலில் வாசிக்கப்பட்டது. கடைசிக் கிரகம் நெப்டியூன். அதில் பெண்களின் கோஷ்டி ஒன்று மேடைக்கு வராமல் பக்கத்து அறையில் நின்று பாட வேண்டும். முடிவில் அந்த அறைக் கதவைச் சத்தம் செய்யாமல் மெல்லச் சாத்த வேண்டும். ஒலி தூரத்தில் கரைந்து போகும்வரை கடைசி அளவையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்று எழுதிவைத்தார். ஆர்கன் பெட்டியின் கதவேதான், ஆள் நுழையும் அளவுக்குப் பெரிதாகி வந்திருக்கிறது. பிற்காலத்து இசைத்தட்டுகளில் பாட்டை முடிக்கத் தெரியாமல் குமிழைத் திருகி மங்கச் செய்கிறார்களே, அதற்கு இதுதான் மூதாதை என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குமிழைத் திருகும்போது பாடுகிறவர் அங்கே தொண்டை கிழியப் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். நம்மை அந்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்குப் பெயர் டிமினுவெண்டோ அல்ல, நாடு கடத்தல்.

ஷூபர்ட் இந்தக் குறியை வைத்தே ஒரு புதிர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கொண்டை ஊசியைச் சின்னதாகப் போட்டால் அதற்கு வேறு அர்த்தம்: அந்த ஒரு ஸ்வரத்தை அழுத்தி அடி என்று. ஷூபர்ட்டின் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல நீண்டுவிடும். அவருடைய பெரிய ஸி மேஜர் ஸிம்ஃபனியின் கைப்பிரதி வியன்னாவில் இருக்கிறது. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு வரும் கடைசி ஸ்வரத்தின் கீழே அப்படி ஒரு குறி. ஓங்கி அடித்து முடி என்கிறாரா, குறைத்து முடி என்கிறாரா? பதிப்பாசிரியர்களும் குழுத் தலைவர்களும் இன்னும் இரு கட்சியாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஓங்கி அடிக்கிறார்கள். சிலர் குறைத்து முடிக்கிறார்கள். கேட்கலாம் என்றால் அவர் 1828-லேயே, 31 வயதில் போய்விட்டார். ஒரு மனிதர் முழக்கமிட்டு முடித்தாரா, தணிந்து முடித்தாரா என்பது பேனா ஒரு விரற்கடை நீண்டதா இல்லையா என்பதில் இருக்கிறது.

பேனா என்றதும் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன்.

2013-ஆம் வருஷம் அண்ணாச்சியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது எழுதியது. டெலிபோன் இருந்தும் கடிதம் எழுதுகிற மனிதர். ஒவ்வொரு வரியும் வழக்கமான குண்டு எழுத்தில் ஆரம்பித்தது. போகப் போக எழுத்துச் சிறுத்து, வலது ஓரத்தில் எறும்பாகி நின்றது. அடுத்த வரி மறுபடி பெரிதாக ஆரம்பித்து மறுபடி சிறுத்தது. பக்கம் முழுவதும் கொண்டை ஊசிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் இருந்தது. அவர் ஏதோ வேடிக்கை பண்ணுகிறார் என்றுதான் என் வீட்டில் சொன்னார்கள்.

அவர் சென்னைக்குத் திரும்பியதும் போய்ப் பார்த்தேன். பேச்சும் அப்படியே இருந்தது. வாக்கியத்தின் தலை கேட்டது, வால் கேட்கவில்லை. "என்ன அண்ணாச்சி?" என்று இரண்டு மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது. அவருக்குக் கோபம் வந்தது. "இவளுக்குத்தான் காது கேக்க மாட்டேங்கு, ஒங்களுக்குமா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் காது நன்றாகத்தான் கேட்டது.

டாக்டர் பார்க்கின்ஸன் வியாதி என்றார். ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற லண்டன் வைத்தியர் 1817-இல் விவரித்து எழுதியது. கை நடுக்கம்தான் அதன் அடையாளம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நடுக்கம் பெரிதாக வராமலும் இருக்கும். மூளையில் டோப்பமைன் என்ற ரஸாயனம் சுரப்பது குறைய, உடம்பின் அசைவுகள் எல்லாம் அளவில் சிறுத்துவிடுகின்றன. நடையில் எட்டுச் சிறுக்கும், எழுத்துச் சிறுக்கும், குரல் சிறுக்கும். இதில் பொல்லாதது ஒன்று உண்டு. குரல் குறைந்திருப்பது குரலுக்கு உடையவருக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் அளவுகோலும் சேர்ந்து சுருங்கிவிடுவதால், தாம் எப்போதும்போல் பேசுவதாகவே அவருக்குப் படும். உலகம்தான் செவிடாகிவிட்டது.

நான் வீட்டுக்கு வரும்போது, நாற்பது வருஷம் அந்த வித்தையைக் கற்பித்தவருக்கு அதே வியாதியாக வந்ததே என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் அதை வேறு வார்த்தையில் அவரிடம் சொல்லவும் செய்தேன். அண்ணாச்சி தலையை ஆட்டி மறுத்தார். "அது வேற, இது வேற தம்பி. இது துருத்தி ஓட்டை" என்றார்.

பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இதற்கென்று ஒரு முறை 1980-களில் அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் உருவாயிற்று. லீ ஸில்வர்மேன் என்ற நோயாளிப் பெண்மணியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு நாலு நாள், நாலு வாரம், ஆக 16 பாடம். உச்சரிப்பு, மூச்சு என்று பத்து விஷயம் சொல்லிக் குழப்புவதில்லை. 'உரக்க' என்ற ஒன்றே உபதேசம். தாம் கத்துவதாக நோயாளிக்குத் தோன்ற வேண்டும். அப்போதுதான் கேட்கிறவர்களுக்குச் சாதாரணப் பேச்சாக இருக்கும். முதல் அப்பியாசம், 'ஆ' என்று முடிந்தவரை உரக்க, முடிந்தவரை நீளமாக.

பிள்ளைகளைப் பார்த்துக் 'கத்தாதே, கத்தாதே' என்று ஆயுள் முழுவதும் சொல்லி வந்தவரை இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி, "கத்துங்க ஸார்!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் துணைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை வாங்கி 'ஆ' என்றார். கரகரவென்றுதான் வந்தது, ஆனாலும் அறை நிறைந்தது. பத்து விநாடிக்குப் பிறகு அந்தக் குரல் ஒழுங்காக இறங்க ஆரம்பித்தது.

"குறைக்காதீங்க ஸார். கடைசி வரைக்கும் அதே சத்தம்."

"சரிம்மா" என்றார் அண்ணாச்சி, நல்ல பிள்ளையாக. அடுத்த 'ஆ'வை அவள் சொன்னபடியே சொன்னார். அவள் நேரத்தையும் ஒலியளவையும் குறித்துக்கொண்டாள். அவள் சொன்னதுதான் சரி. அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அன்றைய அப்பியாசத்தை முடித்துவிட்டிருந்தார். அக்கா உள்ளே தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, விரலால் எட்டு எண்ணுங்கள் என்றார். நான் எண்ணினேன். 'ஆ' என்று முழுக் குரலில் ஆரம்பித்தார். இரண்டு, மூன்று. ஒவ்வொரு படியாக இறங்கினார். ஐந்தாவது படியில் சற்றுத் தடுமாறிற்று. நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. சுருதி அசையவில்லை. எட்டாவது எண்ணிக்கைக்கு நூல் இழையாக இருந்தது, பிறகு இல்லை. உள்ளே கிரைண்டர் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அக்கா வாசற்படியில் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணாச்சிக்கு மூச்சு இரைத்தது. முகம் சிவந்திருந்தது. "இப்போ அதுவாக் குறையல" என்றார். "நான் குறைச்சேன்."

வியாதி குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய். அது குணமாகிற வியாதி அல்ல. மாத்திரை நேரம் தவறினால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பயிற்சியை நாலு நாள் விட்டால் குரல் பழையபடி உள்ளே போய்விடும். கோடு போட்ட நோட்டில் பெரிய எழுத்தாக எழுதிப் பழகினார். கடிதத்தின் முதல் பத்து வரி அதனால் நேராக வந்தது. பாடகர் குழுவை அவருடைய சிஷ்யன் ஒருவன் ஏற்றுக்கொண்டான். கெட்டிக்காரப் பையன், அவசரக்காரன்.

2015-ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமைக்கு அண்ணாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது வரிசையில் ஓரத்தில் அக்கா, நடுவில் அவர், இந்தப் பக்கம் நான். மூன்று மணி நேர ஆராதனையில் ஸ்டெயினரின் பாட்டு வந்தது. முப்பது பேரும் நன்றாகவே பாடினார்கள். கடைசிப் பகுதிக்கு வந்தார்கள். அண்ணாச்சியின் விரல்கள் முழங்காலில் எண்ண ஆரம்பித்தன. ஒன்று என்றதும் மேடையில் எல்லோரும் சேர்ந்து குரலைத் தாழ்த்திவிட்டார்கள். மிச்சம் ஏழு எண்ணிக்கைக்கும் ஒரே முணுமுணுப்பு. பாட்டு முடிந்தது. கோவில் முழுவதும் நிசப்தம்.

அண்ணாச்சி என் காதருகே ரகசியமாகச் சொல்ல நினைத்தார். உரக்க, உரக்க என்று 16 பாடம் படித்த குரல். அது மூன்றாவது வரிசையிலிருந்து பீடம் வரைக்கும் கணீரென்று போயிற்று.

"பாத்தியளா தம்பி, முதல் படியிலேயே குதிச்சுட்டான்!"

முன் வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் சிஷ்யன் காது வரைக்கும் சிவந்து போனான். அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "மெதுவாப் பேசுங்க" என்றாள். சொல்லிவிட்டு, அவளே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.